பிறர் வலிக்குச் சான்று

ஒருவர் உடலில் உள்ள வலியை இன்னொருவர் எவ்வாறு அறிவார்? தருக்க நூல் கற்போர் தமக்குள் வாதிடும் வினா இது என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிகளுக்கான சான்று வழங்கும் நாளில் இவ்வினா ஒரு மேசையின் மேல் வந்து அமர்ந்துகொள்கிறது. மேசைக்கு அப்பால் மருத்துவர். இப்பால் தம் துன்பத்தைச் சொல்ல வந்தவர். இடையில் ஒரு படிவம். படிவத்தில் ஒரு விழுக்காட்டு எண் எழுதப்பட வேண்டும். அவ்வெண் 40-ஐ எட்டினால் ஒரு வாழ்வு, எட்டாவிட்டால் வேறொரு வாழ்வு.

காலிழந்தவர்க்கும் கண்ணிழந்தவர்க்கும் அவ்வெண்ணை எழுதுவது ஒருவாறு எளிது. கண்டு அளப்பதற்கு ஏதோ ஒன்று உண்டு. நெடுநாள் வலியால் வாடுபவரும், சித்தம் கலங்கும் மனநோயால் வாடுபவரும் வந்து நிற்கும்போதுதான் அளவுகோல் தடுமாறுகிறது. அவ்விருவரையும் ஐயுறுவது அறமா, ஐயுறாமல் விடுவது அறமா என்பதைச் சிராவக சிராவகியராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தினால் இதனை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் கூறுவதைச் சுருங்கக் காண்போம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைகளே இருந்தன. மனநோய் இரண்டிலும் இடம்பெற்றது. நெடுநாள் வலி என்ற பெயர் இரண்டிலும் இல்லை. வலி தரும் நோயினால் மூட்டு மடங்காமலோ கைகால் இயங்காமலோ போனால் அவ்வியக்கக் குறை கணக்கில் வரும். வலி தானாகக் கணக்கில் வராது. உலக நலவாழ்வு நிறுவனமோ 2022 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த தன் நோய்ப் பட்டியலில், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனி இடம் வகுத்துவிட்டது. வேறு நோயின் அடையாளமாக மட்டுமன்றி, வலியே ஒரு நோயாகவும் இருக்கக்கூடும் என்பது அதன் முடிபு.

மனநோய்க்கு இந்திய மனநல மருத்துவர் சங்கத்தார் வகுத்த அளவுமுறை பின்பற்றப்படுகிறது. தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், தொழில் புரிதல் ஆகிய 4 துறைகளில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் நீடித்த காலத்திற்குத் தனியே 4 வரை மதிப்பெண். ஆக மொத்தம் 20. அதில் 7 பெற்றால் 40 விழுக்காடு என்று கொள்வர். (பல்லாண்டுகள் விடைத்தாள் திருத்திய என் போன்ற ஆசிரியர்களுக்கு 6-க்கும் 7-க்கும் இடையே உள்ள தொலைவு எத்தகையது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.)

சிகிச்சை தரும் மருத்துவரே சான்றும் தந்துவிடலாகாதா, ஏன் தனியே ஒரு குழு? தாம் நாள்தோறும் பார்த்து மருந்து தரும் நோயாளியின்பால் மருத்துவர்க்கு இரக்கம் சுரப்பது இயல்பு. அவ்வுறவு இல்லாத ஒருவர் பார்த்தால் நடுநிலை நிற்கும் என்பது எண்ணம். தொழிலாளர் அரசுக் காப்புறுதித் திட்டத்திலும் இவ்வாறு மருத்துவக் குழு உண்டு. 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த ஓசூரின் ஆலைத் தொழிலாளர் பலர் இக்குழுவை நன்கறிவர். கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் காப்புறுதி நிறுவனங்கள் தாமே ஊதியம் தந்து ஒரு மருத்துவரை அமர்த்தி, தம்மிடம் ஈடு கேட்பவரை ஒருமுறை பார்க்கச் சொல்கின்றன. அதற்குச் சார்பற்ற மருத்துவப் பரிசோதனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பணம் தருபவர் ஒரு தரப்பினராக இருக்கையில் அதனைச் சார்பற்றது என்பது எங்ஙனம் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை. நம் நாட்டுக் குழு அரசுடையது, அவ்வளவில் மேலானது. ஆயினும் உறவில்லாதவர் என்பதனாலேயே நடுநிலை வந்துவிடுமா? உறவில்லாதவருக்கு நேரமும் இல்லை. பத்தாண்டுத் துன்பத்தைப் பத்து நிமிடத்தில் பார்க்கும் கட்டாயம் அவருக்கு.

வலி எவ்வளவு எளிதாக மறுக்கப்படுகிறது என்பதை அறியத் தருமபுரி மாவட்டத்தில் வாழ்வோர் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. வீட்டுத் தண்ணீர்க் குடமே போதும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. மாற்று நீர் கிடைக்காதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம். நம் மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் இவ்வெல்லையைத் தாண்டியது. வகுப்பறையில் சிரிப்பு வந்தால் வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பெண் பிள்ளைகளை இங்கே ஆசிரியப் பணி புரிந்தவர் எவரும் மறந்திரார். பற்களில் படிந்த பழுப்புக் கோடுகளை மறைக்கவே அக்கை எழும்.

பல்லில் தெரிவதை மறைக்க முயல்வார்கள். எலும்பில் ஏறியதைக் காட்ட முயல்வார்கள், காட்ட இயலாது. அதுவே இந்நோயின் கொடுமை. இந்தியாவில் எலும்பைத் தாக்கும் இந்நோயை 1937-ல் ஷார்ட் முதலிய மருத்துவர்கள் அறிவியல் உலகுக்கு எடுத்துரைத்தனர். அவர்கள் ஆராய்ந்ததும் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில்தான். நோயின் நடை இவ்வாறு: தொடக்கத்தில் கழுத்து, முதுகு, மூட்டுகளில் வலியும் விறைப்பும். அந்நிலையில் எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் வாதநோய் என்று மருத்துவர் கருதக்கூடும். ஆண்டுகள் பல சென்றபின் எலும்பு அடர்ந்து, தசைநார்களில் சுண்ணம் ஏறி, முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு இடையேயுள்ள சவ்வும் கெட்டிப்பட்டுப் படத்தில் வெண்மையாகத் தோன்றும். முதுகு நிமிராமல் வளைந்துவிடும்.

இப்பொழுது ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். முப்பத்தைந்து வயதில் குடம் தூக்க இயலவில்லை என்கிறாள். படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை, சத்து மாத்திரை சாப்பிடு என்கிறார்கள். வீட்டில், வேலைக்கு வணங்காதவள் என்கிறார்கள். ஐம்பது வயதில் முதுகு வளைந்து வருகிறாள். அப்போது படம் பேசுகிறது; எல்லோரும் நம்புகிறார்கள். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவள் உரைத்ததெல்லாம் மெய்யே. படம் பிந்தி வந்தது. வலி முந்தி வந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 2008-ல் அடிக்கல் நாட்டப்பெற்று 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஊர்களுக்குக் காவிரி நீரைக் கொணர்ந்தது. மிக நல்ல பணி. ஆயினும் எலும்பில் ஏறிய புளோரைடு, நீர் மாறியதும் எளிதில் இறங்கிவிடுவதில்லை. பழைய நீர் குடித்து வளர்ந்த தலைமுறையின் வலி அவர்களோடே வாழும்.

இது காரணம் பின்னர் வெளிப்பட்ட வலி. காரணம் என்றுமே படத்தில் வெளிப்படாத வலியும் உண்டு. புண் ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் வலியைத் தொடர்ந்து எழுப்பிக்கொண்டிருக்கும் என்பதை மருத்துவம் இன்று ஏற்கிறது. மறுபுறம், வலியே அறியாத பலருக்கு முதுகெலும்புத் தட்டு பிதுங்கியிருப்பது படத்தில் காணப்படுகிறது. எனவே படமும் வலியும் ஒன்றுக்கொன்று கணக்கு ஒப்புவிப்பதில்லை. கார்டன் வாடெல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 1980-ல் முதுகுவலி நோயாளிகளிடம் காணப்படும் சில அடையாளங்களைத் தொகுத்தார். உடற்கூற்றால் மட்டும் விளக்க இயலாத கூறுகளை அறிந்து, அவர்களுடைய மனத்துன்பத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் பலர் அதனை நடிப்பைக் கண்டுபிடிக்கும் கருவியாக்கிக்கொண்டனர். அவ்வாறு பயன்படுத்துவது தவறு என்று அவரே 1998-ல் எழுத வேண்டியதாயிற்று.

இனி மற்றவர். சித்தம் கலங்கும் நோயுற்றவரின் நிலை இதற்கு நேர் எதிரானது. வலியுற்றவர் துன்பம் உண்டென்கிறார், நாம் நம்புவதில்லை. மனம் கலங்கியவரோ பலகாலும் தமக்கு ஒன்றுமில்லை என்கிறார், உடனே நம்பிவிடுகிறோம்! தம் நோயைத் தாம் உணராமை இந்நோயின் கூறுகளுள் ஒன்று. காதில் குரல் கேட்பதை அவர் பிறரிடம் சொல்லார். அக்குரலே சொல்லாதே என்று தடுத்திருக்கலாம். மேலும் இந்நோயில் குரலும் ஐயமும் மட்டும் இல்லை. எழுந்திருக்க மனமின்மை, குளிக்க மனமின்மை, பேச்சு சுருங்குதல், எதிலும் நாட்டமின்மை ஆகியவையும் நோயே. இவற்றைப் பார்ப்பவர் நோய் என்னார், சோம்பல் என்பர். படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை திண்ணையை விட்டு எழாவிட்டால் தந்தையார் என்ன சொல்வார் என்பதை நான் எழுத வேண்டுமா?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு சற்றுத் தெளிந்த ஒருவர், தலைவாரி, தூய ஆடை உடுத்திக் குழுவின்முன் அமர்கிறார். கேட்டதற்கு விடை கூறுகிறார். மதிப்பெண் குறைகிறது. மருந்தின் வெற்றியும், அன்னையார் அன்று காலை பட்ட பாடும் சேர்ந்து அவருக்கு எதிர்ச் சாட்சி ஆகிவிடுகின்றன. ஒருநாள் பார்வையில் வலியுற்றவர் மிகையாகத் தோன்றுவார், மனம் கலங்கியவர் குறையாகத் தோன்றுவார்.

நம் ஆகமம் ஞானத்தை மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம் என ஐந்தாகப் பகுக்கும். பிறர் மனத்தில் உள்ளதை நேரே அறியும் மனப்பரியய ஞானம் சிறந்த ஒழுக்கமுடைய முனிவரர்க்கே வாய்ப்பது, இல்லறத்தார்க்கு இல்லை. எத்துணைப் பட்டம் பெற்ற மருத்துவராயினும் அவர்க்கு உள்ளவை முதல் இரண்டே. பொறிகளாலும் மனத்தாலும் அறிவது மதி. அதன் வழியே சொல்லைப் பற்றி நின்று அறிவது சுருதம். தொட்டுப் பார்ப்பதும் படம் எடுப்பதும் மதியின் பாற்படும். எதிரிருப்பவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு அறிவது இரண்டாவது வாயிலை ஒத்தது. படத்தை மட்டும் நம்பிச் சொல்லைத் தள்ளுபவர், தமக்குள்ள இரண்டு கண்களில் ஒன்றைத் தாமே மூடிக்கொள்கிறார். மூன்றாவது கண் இருப்பதாக எண்ணி, இவன் நடிக்கிறான் என்று முகம் பார்த்தே தீர்ப்புரைப்பவர் இல்லாத ஞானத்தை உடையவராகத் தம்மைக் கருதுகிறார். அனேகாந்தம் கற்ற நமக்கு அது எத்தகைய பிழையென்று தெரியும். ஒரு நயத்தால் கண்டதை முழுப் பொருளாகக் கொள்வதே அது.

ஐயத்தோடு தேடினால் பொய்யர் கிடைத்துக்கொண்டே இருப்பர். 1973-ல் ரோசன்ஹான் என்ற அமெரிக்க உளவியலார் ஓர் ஆய்வை வெளியிட்டார். நலமுடையோர் சிலர் குரல் கேட்பதாகப் பொய் கூறி மனநோய் மருத்துவமனைகளில் சேர்ந்ததாகவும், மருத்துவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்றும் அதில் எழுதினார். பின்னர் ஒரு மருத்துவமனையிடம், இனி வரும் மாதங்களில் இத்தகைய நடிகர்கள் உங்களிடம் வருவார்கள் என்று சொல்லிவைத்தார். அங்கே வந்த 193 பேரில் 41 பேரை நடிப்பவர் என்று யாரேனும் ஒரு பணியாளராவது உறுதியாகக் கருதினராம். அவர் அனுப்பியதோ ஒருவரையும் இல்லை! இந்த ஆய்வே எவ்வளவு உண்மையானது என்று 2019-ல் வெளிவந்த நூலொன்று ஐயங்களை எழுப்பியிருக்கிறது. பொய்யரைப் பற்றிய ஆய்வே பொய்யோ என்ற நிலை. ஆகவே இதன்மேல் அதிகம் கட்ட வேண்டாம்.

பள்ளி ஆசிரியரும் ஒருவகையில் நாள்தோறும் சான்று வழங்குபவரே. திங்கட்கிழமைக் காலையில் வயிற்றுவலி என்று அழும் குழந்தையைப் பார்க்காத ஆசிரியர் யார்? ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் கற்றோர் அறிவர், அச்சத்தால் எழும் வயிற்றுவலியும் வலியே. கணக்குப் பாடத்தின்மேல் உள்ள அச்சம் அதன் காரணம் என்று தெரிந்ததனால் வலி பொய்யாகிவிடுவதில்லை. காரணத்தைத் தேடுவது வேறு, வலியை மறுப்பது வேறு.

அப்படியாயின் வந்தவர் அனைவர்க்கும் கேட்ட எண்ணை எழுதிக் கொடுத்துவிடலாமே என்பீர். அதுவும் அறமன்று. நற்காட்சியின் எட்டு உறுப்புகளை அருங்கலச்செப்பின் வழியே நம் வீடுகளில் பயின்றிருக்கிறோம். அவ்வுறுப்புகளுக்கு உரிய கதைகளில் இரண்டு இவ்விடத்திற்கு மிகப் பொருந்துவன.

உவர்ப்பின்மைக்கு எடுத்துக்காட்டு உத்தாயண மன்னன். அவனைச் சோதிக்க ஒரு தேவன் தொழுநோயுற்ற முனிவர் வடிவில் வந்தான். உண்டதையெல்லாம் கக்கினான். நாற்றம் தாளாமல் சுற்றத்தார் ஓடினர். மன்னனும் தேவி பிரபாவதியும் அருவருக்காமல் அவ்வுடலைக் கழுவித் தொண்டு செய்தனர். சிறுவயதில் இக்கதையைக் கேட்கும்போது நாம் அருவருப்பின்மையை மட்டும் கவனித்தோம். இப்பொழுது வேறொன்று புலப்படுகிறது. வந்தவருடைய நோய் பொய். மன்னனுடைய தொண்டு மெய். மன்னன் அது மெய்நோயா என்று ஆராயவில்லை. ஆராயாமையால் அவனுக்கு இழுக்கு வரவில்லை, புகழே வந்தது.

ஆனால் உத்தாயணன் கொடுத்தது தன் கைத்தொண்டு, தன் அரண்மனை உணவு. மருத்துவக் குழுவினர் கொடுப்பது பொதுப்பொருள். அவர்கள் அதன் காவலர். தன் பொருளை ஐயமின்றித் தருவது ஈகை. பிறர் தன்னிடம் ஒப்படைத்ததை ஆராயாமல் தருவதை ஈகையென்று கூற இயலாது. இங்கே இரண்டாம் கதை துணை வரும்.

தாமிரலிப்தி நகரத்து வணிகன் ஜினேந்திர பக்தன் வீட்டுச் சைத்தியாலயத்தில் பார்சுவநாதர் திருவுருவின் குடையில் ஒரு வைடூரிய மணி இருந்தது. திருடன் ஒருவன் துறவு வேடம் பூண்டு வந்து தங்கி, இரவில் அம்மணியை எடுத்துக்கொண்டு ஓடினான். காவலர் துரத்தினர். வணிகன் நிலைமையை உணர்ந்து, நான் சொல்லித்தான் இவர் கொண்டுவந்தார் என்று காவலரை அனுப்பிவிட்டான். பின்னர் தனியே அவனைக் கடிந்து போக்கினான். ஏன் மறைத்தான்? ஒரு பொய்த்துறவியைத் தெருவில் நிறுத்தினால், நாளை மெய்த்துறவியர் வரும்போதும் மக்கள் ஐயுறுவர் என்று அஞ்சினான். அறப்பழி நீக்கல் என்னும் உறுப்புக்கு அவன் எடுத்துக்காட்டானது அதனால்தான். அவன் மணியைத் திருடனுக்கு விட்டுவிடவும் இல்லை என்பதைக் காண்க.

இவ்வணிகனின் அச்சம் நம் வினாவின் உயிர்நிலையைத் தொடுகிறது. பொய்ச்சான்று பெறுபவர் அரசின் பணத்தை மட்டுமா கவர்கிறார்? வரிசையில் தமக்குப் பின்னால் நிற்கும் மெய்யான நோயாளியின் நம்பகத்தையும் கவர்ந்து செல்கிறார். 2024-ல் ஆட்சிப் பணித் தேர்வு தொடர்பாக ஒரு குறைபாட்டுச் சான்று பற்றிய சர்ச்சை நாடெங்கும் செய்தியாயிற்று. அதன் உண்மை பொய்யை நீதிமன்றம் பார்க்கட்டும். ஆனால் அச்செய்திக்குப் பின், கண்ணுக்குத் தெரியாத குறைபாடுடைய எத்தனை பேர் கேலிக்கு ஆளானார்கள்! வாய்மை அணுவிரதத்திற்குரிய அதிசாரங்களுள் பொய்யாவணம் எழுதுதலை நம் ஆசாரியர்கள் தனியே எடுத்துக் கூறியிருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் பொய்யாகச் சலுகை பெறுவோர்க்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்கிறது. இரக்கத்தினால் ஒரு விழுக்காட்டைக் கூட்டி எழுதும் மருத்துவரும், உறவினர்க்காக அவரிடம் சென்று பரிந்து பேசும் நாமும் இவ்வதிசாரத்திலிருந்து தப்பியவர்கள் அல்லோம்.

நம்பினாலும் பிழை, நம்பாவிட்டாலும் பிழை என்றால் குழுவினர் செய்வது என்ன? வினாவை மாற்றிக் கேட்பதே வழி என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கு மெய்யாக வலிக்கிறதா என்பது மனப்பரியய ஞானிக்குரிய கேள்வி. நீ ஒரு நாளில் எவற்றைச் செய்கிறாய், எவற்றைச் செய்ய முடியாமல் போகிறது என்பது மனிதர் கேட்கத்தக்க கேள்வி. அதற்கு விடை உண்டு. வீட்டாரிடமும் அண்டை அயலாரிடமும் சிகிச்சை ஏடுகளிலும் ஒத்துப் பார்க்கவும் இயலும். நம் உச்ச நீதிமன்றம் இத்திசையில் நடந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற விபத்து வழக்கில் 2010 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பில், உறுப்பின் குறை வேறு, பொருளீட்டும் ஆற்றலின் குறை வேறு என்று அது பிரித்துக் காட்டியது. இடக்கை இழந்த ஒருவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பு முழுதும் போயிற்று; அவரே அரசு எழுத்தராக இருந்தால் அவ்வாறில்லை. கை ஒன்றே, இழப்பு வெவ்வேறு. எளிதாகச் சான்று எழுதித் தருவோரை நம்பிவிட வேண்டாம் என்றும் அத்தீர்ப்பு எச்சரித்தது. மருத்துவப் படிப்பில் சேர விரும்பிய மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவரின் வழக்கில் 2024 அக்டோபரில், விழுக்காட்டு எண்ணை மட்டும் பார்த்துத் தள்ளாமல், அவரால் அப்படிப்பைப் படிக்க இயலுமா என்பதைக் குழு ஆராய்ந்து எழுத வேண்டும் என்று கூறிற்று.

வலியைப் பொறுத்தமட்டில் இவ்வொளி இன்னும் போதிய அளவு பரவவில்லை. 21 வகைகளுக்குள் அதற்கு ஓரிடம் கிடைக்க வேண்டும். கிடைக்கும்வரை, மூட்டின் கோணத்தை அளப்பதோடு நில்லாமல், அம்மூட்டை எத்தனை நிமிடம் பயன்படுத்த இயல்கிறது என்பதையும் குழுவினர் கேட்கலாமே.

மருத்துவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது எளிது. சான்று மேசைக்கு வருமுன்னரே வீடுகளில் ஒரு பரிசோதனை நடந்து முடிந்துவிடுகிறது. அங்கே பரிசோதிப்பவர்கள் மாமியார், நாத்தனார், அண்ணன், சித்தப்பா. நம்மிற் சிலர் சாத்திரத்தையும் துணைக்கழைத்து, அசாதா வேதனீயம் உதயத்திற்கு வந்தது, அனுபவித்துத்தான் தீர வேண்டும் என்று கூறி எழுந்து போய்விடுகிறார்கள். வினை உதயம் உண்மை. ஆனால் அசாதா வேதனீயம் எவற்றால் கட்டப்படுகிறது என்பதையும் தத்துவார்த்த சூத்திரம் சொல்லியிருக்கிறது. பிறர்க்குத் துன்பமும் துயரமும் கதறலும் விளைவித்தல் அவற்றுள் அடங்கும். வலிக்கிறது என்பவளை நடிக்கிறாய் என்று கூறும் ஒவ்வொரு முறையும் கட்டப்படுவது யாருடைய வினை?

சமந்தபத்திர ஆசாரியர்க்குப் பஸ்மக நோய் வந்தபோது நடந்ததாக வழங்கும் செய்தி நினைவுக்கு வருகிறது. எவ்வளவு உண்டாலும் தணியாத பசி நோய் அது. துறவு ஒழுக்கத்தில் நின்று அதற்குத் தீர்வு காண வழியில்லை என்பதால் சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குரு அனுமதி தரவில்லை. நீ வாழ்ந்து அறம் விளக்க வேண்டியவன், வேடத்தை நீக்கியாவது நோயைத் தீர்த்துக்கொள் என்று அனுப்பினார். தவத்தில் நிற்பவனுக்கு என்ன பசி என்று அவர் கேட்கவில்லை. சீடன் சொன்னதை அப்படியே ஏற்றார், கேட்டதைத் தரவில்லை. ஏற்றுக்கொள்வதும் கேட்டதையெல்லாம் தருவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மனநோயைப் பொறுத்தவரை நம் சமுதாயத்தில் இன்னொரு தடை உண்டு. நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டத்து ஊர்களில் ஒரு வீட்டுச் செய்தி அடுத்த அட்டமிக்குள் எல்லா வீட்டுக்கும் எட்டிவிடும். தங்கைக்கு வரன் அமையாது என்று அஞ்சி, அண்ணனின் நோயைப் பத்தாண்டு மறைத்துவைக்கிறார்கள். மருந்தும் இல்லை, சான்றும் இல்லை. மறைப்போரைக் குறை கூறுமுன், பரப்புவோரை நோக்க வேண்டும். பிறர் மறைபொருளை வெளியிடுதலும் பொய்யாவணம் எழுதுதலோடு ஒருங்கே வைத்து எண்ணப்பட்ட அதிசாரமே. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் செய்தி காக்கப்பட வேண்டும் என்று மருத்துவமனைகளுக்குக் கட்டளையிடுகிறது. நம் திருமணப் பந்தல்களுக்கு அச்சட்டம் செல்லாது, அணுவிரதம் செல்லும்.

சான்று வேண்டிச் செல்லவிருக்கும் குடும்பத்தார்க்கு, முதியவள் என்ற உரிமையில் சில சொற்கள். செல்வதற்கு ஒரு திங்கள் முன்பாகவே பள்ளி நோட்டு ஒன்றில் நாள்தோறும் எழுதி வாருங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், தாமே குளித்தாரா, சொல்லிக் குளித்தாரா, எவ்வளவு நேரம் நின்று சமைக்க முடிந்தது, இரவில் எத்தனை முறை வலியால் விழித்தார், மருந்தை யார் எடுத்துக் கொடுத்தது. மிகைப்படுத்த வேண்டாம், நன்றாக இருந்த நாளையும் நன்றாக இருந்தது என்றே எழுதுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளை ஆண்டு வரிசைப்படி வையுங்கள். அன்றைக்கென்று தனியாக அழகுபடுத்தவும் வேண்டாம், அலங்கோலப்படுத்தவும் வேண்டாம். முடிவு ஏற்புடையதாக இல்லையெனில் மேல்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு தருகிறது. வலியுற்றவர்க்குத் துணையாகச் செல்பவர் நோட்டை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, அவரே பேசட்டும் என்று சற்றுத் தள்ளி அமர்வது நல்லது. மனம் கலங்கியவருடன் செல்பவர் அவர் எதிரிலேயே குறைகளை அடுக்காமல், தனியே இரண்டு நிமிடம் பேச இசைவு கேட்டு, அந்நோட்டைக் காட்டலாம்.